ஏற்றத்தில் தளரும் ஓட்டம்: ஆலுவாச் சாலைகளும் எரிபொருள் அழுத்தத்தின் வரலாறும்

உள்ளெரி எஞ்சினின் வரலாற்றை எழுதியோர் உருளைக்கும் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் கொடுத்த இடத்தை, எரிபொருளைத் தொட்டியிலிருந்து உருளைவரை கொண்டுசேர்க்கும் குழாய்க்கும் பம்புக்கும் கொடுத்ததில்லை. ஆயினும் ஒரு வண்டி மலையேறுமா, வழியில் நின்றுவிடுமா, போட்டித்தடத்தில் பிஸ்டன் உருகிப்போகுமா என்பவற்றையெல்லாம் பல தலைமுறைகளாகத் தீர்மானித்துவந்தது அந்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தமே. எரிபொருள் அழுத்தம் என்பது, குழாயில் நிற்கும் பெட்ரோல் தனக்கு முன்னுள்ள நுண்துளையைத் தள்ளும் விசையின் அளவு. அந்த நுண்துளையைப் பணிமனைகளில் ஜெட் என்கின்றனர். துளையின் விட்டம் மாறாதிருக்கும்போது, அதன் வழியே நொடிக்கு எவ்வளவு பெட்ரோல் செல்லும் என்பது அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; ஆகவே அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். சாதாரண வண்டியில் இந்தக் குறைவு ஓட்டுநருக்குத் தெரியாமலே போய்விடலாம்; கூடுதல் திறனுக்காக நைட்ரஸ் ஆக்சைடு வாயு செலுத்தப்படும் எஞ்சினிலோ அது சில நொடிகளில் எஞ்சினையே அழித்துவிடும்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குப் பெரியாற்றங்கரையிலுள்ள ஆலுவா பொருத்தமான இடம். சுதந்திரத்துக்கு முன்பு ஆலுவா திருவிதாங்கூரின் வட பகுதியில் இருந்தது. தெற்கே சில மைல் சென்றால் எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் கொச்சி சமஸ்தானத்துக்கு உரியவை. மட்டாஞ்சேரியை ஒட்டிய கோட்டைக் கொச்சியோ சென்னை மாகாணத்தின் கீழ் நேரடி ஆங்கிலேய ஆட்சியில் இருந்தது. கொச்சித் துறைமுகத்தில் இறங்கிய பெட்ரோல் இம்மூன்று ஆட்சிப் பரப்புகளின் சாலைகளிலும் எரிந்தது. கிழக்கே மூணாறு மலைக்கும் வடக்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூருக்கும் செல்லும் வண்டிகள் ஆலுவாவைத் தொட்டே சென்றன. சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி ஏற்றத்தில் திணறுவதைத் தொடர்ந்து கண்ட ஊர் அது. அந்தத் திணறலுக்கு ஒவ்வொரு காலத்திலும் வேறுவேறு காரணம் சொல்லப்பட்டதுண்டு. ஆனால் அவற்றின் அடியில் ஒரே குறைதான் திரும்பத்திரும்பத் தென்படுகிறது: எஞ்சின் மிகுதியாக எரிபொருள் கேட்கும் அதே வேளையில் எரிபொருள் வழங்கும் அமைப்பு தளர்ந்துவிடுகிறது.

தொடக்கக் காலக் கார்களில் பம்பே கிடையாது. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி வண்டியில் இருக்கைக்கு அடியிலிருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே, அதைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டருக்கு இறங்கிவந்தது. தொட்டிக்கும் கார்ப்பரேட்டருக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடே அழுத்தம் என்றாகிவிட்டதால், செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் முகம் மேலே தூக்கியவுடன் அந்த வேறுபாடு சுருங்கி ஓட்டம் நின்றது. தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால், வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஓட்டியே மேடேற வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக வந்த வெற்றிடத் தொட்டி, எஞ்சினின் உறிஞ்சல் விசையைக் கொண்டே பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை மேலே இழுத்து, எஞ்சினுக்கு அருகிலிருந்த சிறு கலத்தில் சேர்த்துவைத்தது. இதிலும் பழைய குறையே வேறு வடிவில் வந்தது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கார்ப்பரேட்டரின் கதவு முழுதாகத் திறந்துவிடுவதால் உறிஞ்சல் விசை ஏறத்தாழ மறைந்துவிடும். நீண்ட ஏற்றத்தில் அப்படியே ஓட்டினால் சிறு கலம் வற்றும், மீண்டும் நிரம்பாது.

1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மூணாற்றின் குண்டளப் பள்ளத்தாக்கு ரயில்பாதையையும் பழைய சாலையையும் அடித்துச் சென்ற பிறகு, ஆலுவாவிலிருந்து கோதமங்கலம், நேரியமங்கலம் வழியாக மூணாற்றுக்குப் புதிய சாலை அமைக்கப்பட்டு 1931-இல் திறக்கப்பட்டது. அதுவரை தேயிலை பெரும்பாலும் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் போடிநாயக்கனூரை நோக்கி இறங்கியது. தோட்டத்தில் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளர்களும் அந்தப் பக்கத்திலிருந்தே ஏறிவந்தவர்கள். புதிய சாலை அந்தப் போக்குவரத்தின் ஒரு பகுதியை மேற்குநோக்கித் திருப்பியது. கடல்மட்டத்துக்குச் சற்றே மேலுள்ள ஆலுவாவிலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றுக்குச் சுமார் 110 கிலோமீட்டர். அதில் ஏற்றத்தின் பெரும்பகுதி நேரியமங்கலத்துக்குப் பிறகே வருகிறது. வெற்றிடத் தொட்டியுடைய வண்டிக்கு இதைவிடக் கடுமையான தேர்வு அக்காலத் தென்னிந்தியாவில் அதிகம் இருந்திருக்காது.

திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20 அன்று தன் சொந்தப் பேருந்துச் சேவையைத் தொடங்கியபோது, லண்டன் போக்குவரத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்ட்டரைக் கண்காணிப்பாளராக அமர்த்தி, பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய காமர் சட்டகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. டீசலைத் தேர்ந்ததற்குச் சிக்கனம் ஒரு காரணம்; ஆனால் இங்கே கருதத்தக்கது வேறொன்று. டீசல் எஞ்சினின் பம்பு எஞ்சினோடு சேர்ந்தே சுழல்வதாலும், ஒவ்வொரு வீச்சிலும் அளந்த எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் உருளைக்குள் பீய்ச்சுவதாலும், எஞ்சினின் தேவை உயரும்போது வழங்கலும் உடன் உயர்கிறது. வரலாற்றில் ஏற்றத்தின் குறையிலிருந்து பெரும்பாலும் தப்பிய முதல் அமைப்பு இதுவே எனலாம். பின்னாளில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வட்டாரப் பணிமனைகளுள் ஒன்று ஆலுவாவில் அமைந்தது. டீசல் பம்பையும் நாசிலையும் கழற்றிச் சோதித்து மாட்டும் கைத்திறன் அரசுப் பணிமனைகளில் பேணப்பட்டது அந்த 1938-ஆம் ஆண்டின் முடிவின் தொடர்ச்சியே.

தனியார் பேருந்துகளும் லாரிகளும் பெட்ரோலிலேயே ஓடின. போரின் காரணமாக 1941-இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது; 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரங்கூன் பக்கத்திலிருந்து வந்த எண்ணெயும் நின்றது. அப்போது தென்னிந்தியச் சாலைகளைக் காப்பாற்றியது கரிவாயு. வண்டியின் பின்புறம் பொருத்திய உருளை வடிவ அடுப்பில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால், முழுதாக எரியாத கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் சிறிதளவு ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு கிடைக்கும். அதைக் குளிர்வித்து, சாம்பல் போக வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பினால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் வடிவமைத்து உருவாக்கிய டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் இந்தக் காலத்தில் தென்னாட்டில் பெயர்பெற்றது. ஆலுவாவில் பெரியாற்றின் குறுக்கே 1940-இல் திறக்கப்பட்ட மார்த்தாண்ட வர்மா பாலம் புதிதாக இருந்த ஆண்டுகளும், திருவிதாங்கூர், கொச்சிச் சாலைகளில் கரி வண்டிகள் புகைந்துகொண்டு ஓடிய ஆண்டுகளும் ஒன்றே.

கரிவாயு அமைப்பின் அழுத்தத்தை ஊன்றிப் பார்ப்பது இங்கே தேவை, ஏனெனில் அதில் பம்பு என்று ஒன்றுமில்லை. விடியற்காலையில் கிளீனர் பையன் கையால் ஊதுவிசிறியைச் சுழற்றி அடுப்பைக் கனலவைத்த பிறகு, எஞ்சினே இளநீரைக் குழலால் உறிஞ்சுவதுபோல் வாயுவை அடுப்பு, குளிர்கலம், வடிகட்டி ஆகிய மூன்றின் வழியாகவும் இழுத்தது. எனவே ஓடும்போது குழாய் முழுவதும் வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தம் நிலவியது; எங்காவது இணைப்பு தளர்ந்தால் வாயு வெளியே கசியாமல் வெளிக்காற்று உள்ளே புகுந்தது; கலவை மெலிந்து வண்டி இழுவை இழந்தது. சாம்பல் சேரச்சேர வடிகட்டி அடைபட்டு, எஞ்சின் அதிகம் கேட்கும் ஏற்றத்தில் கிடைப்பது மேலும் குறைந்தது. பெட்ரோலோடு ஒப்பிட இயல்பாகவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு திறனை இழந்திருந்த எஞ்சின், மேட்டில் பயணிகளை இறக்கிவிட்டே ஏறவேண்டியதாயிற்று. சேமித்துவைத்த சிறிது பெட்ரோலைத் துணைக்கு ஊற்றிய ஓட்டுநர்களும் உண்டு. எஞ்சினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழானது: உறிஞ்சல் நின்றும் அடுப்பு கனன்றுகொண்டிருப்பதால் அழுத்தம் வெளிப்பக்கம் திரும்பி, மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு கசிந்தது. மூடிய கொட்டகைக்குள் கரி வண்டியை நிறுத்துவது ஆபத்தானது என்ற எச்சரிக்கை இந்தப் பின்னணியிலிருந்தே பிறந்தது.

அதே ஆண்டுகளில் ஆலுவாவுக்கு அருகே ஏலூரில், திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால், திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ஆதரவுடன், 1943-இல் பதிவுசெய்யப்பட்ட ஃபெர்ட்டிலைசர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் திருவாங்கூர் நிறுவனம் உருவாகிவந்தது. 1947-இல் உற்பத்தி தொடங்கியபோது அம்மோனியாவுக்குத் தேவையான ஹைட்ரஜனை அது நிலக்கரியிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ எடுக்கவில்லை. விறகை வாயுவாக்கியே எடுத்தது. பேருந்தின் பின்னால் தொங்கிய அடுப்பும் ஏலூர் ஆலையின் பெருங்கலமும் வேதியியலில் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. போர் முடிந்து பெட்ரோல் திரும்ப வந்ததும் கரி வண்டிகள் சில ஆண்டுகளில் மறைந்தன. ஆலையும் பின்னர் பெட்ரோலிய மூலப்பொருளுக்கு மாறியது. எரிவாயுத் தொழில்நுட்பத்தில் இவ்வளவு அனுபவம் ஒரே வட்டாரத்தில் சேர்ந்திருந்தும், அதைத் தொகுத்து எழுதிவைக்கும் அக்கறை அக்காலத்தில் பரவலாக இல்லாதது ஓர் இழப்பே.

போரின் மறுமுனையில், வானூர்திகளில், அழுத்தப் பிரச்சினை கூர்மையான வடிவெடுத்தது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின், விமானம் திடீரென மூக்கைக் கவிழ்த்துப் பாயும்போது முதலில் பெட்ரோல் இன்றித் திணறி, பிறகு அளவுக்கு மீறிய பெட்ரோலில் மூழ்கி நின்றது. எதிரியின் விமானங்களில் பெட்ரோலை நேரே உருளைக்குள் பீய்ச்சும் அமைப்பு இருந்ததால் அவற்றுக்கு இத்தொல்லை இல்லை. ஃபார்ன்பரோ ஆய்வகத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் 1941-இல் இதற்குக் கண்ட தற்காலிகத் தீர்வு, எஞ்சினின் உச்சத் தேவைக்கு மேல் ஒரு துளியும் போகவிடாதபடி துளையளவு கணக்கிட்ட ஒரு சிறு உலோகத் தடுப்பு. அந்தத் துளையளவை அவர் எடுத்த அடிப்படை பிற்காலத்தில் நைட்ரஸ் அமைப்பாளர்கள் ஜெட் தேர்ந்தெடுக்கும் அடிப்படையோடு ஒத்தது: உச்சத் தேவை எவ்வளவு என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ற துளையை அமைத்து, துளைக்கு முன்னுள்ள அழுத்தம் மாறாமல் காப்பது.

நைட்ரஸ் ஆக்சைடு எஞ்சினுக்குள் புகுந்ததும் இந்தப் போரில்தான். ஜோசஃப் பிரீஸ்ட்லி 1772-இல் உருவாக்கிய இந்த வாயுவை 1799 முதல் பிரிஸ்டலில் தாமே முகர்ந்து ஆராய்ந்த ஹம்ஃப்ரி டேவி, அதற்குச் சிரிப்பூட்டும் வாயு என்ற பெயரைப் பரப்பினார். 1844-இல் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் பல் பிடுங்குவதற்கு அதை மயக்கவாயுவாகப் பயன்படுத்தினார். அம்மோனியம் நைட்ரேட்டைக் கவனமாகச் சூடாக்கினால் கிடைக்கும் இந்த வாயு தானாக எரியாது. எஞ்சினின் வெப்பத்தில் அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. எடையில் காற்றில் சுமார் 23 விழுக்காடு மட்டுமே ஆக்சிஜன் இருக்க, இதில் சுமார் 36 விழுக்காடு இருக்கிறது. கூடுதல் ஆக்சிஜன் இருந்தால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். கூடுதல் ஆற்றலின் பெரும்பகுதி அந்தப் பெட்ரோலிலிருந்தே வருகிறது. ஜெர்மானியர்கள் ஜி.எம்.-1 என்ற பெயரில் இதைக் காற்று மெலிந்த உயரங்களில் பறக்கும் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களில் பொருத்தினர். 1944-இல் பிரிட்டன் மஸ்கிட்டோ இரவுப் போர் விமானங்களில் பயன்படுத்தியது.

போருக்குப் பிந்தைய இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளின் தொல்லை வேறாக இருந்தது. அம்பாசிடர் போன்ற கார்களில் எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்திய இயந்திரப் பம்பு பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சியது. உறிஞ்சப்படும் குழாயில் அழுத்தம் குறைவாக இருப்பதாலும், பம்பு சூடான எஞ்சினோடு ஒட்டி இருப்பதாலும், கோடைக்கால மலைப்பாதையில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் அறுந்தது. பணிமனை மொழியில் இதை வேப்பர் லாக் என்றனர். வண்டியை ஓரங்கட்டி, பம்பின்மேல் ஈரத்துணி சுற்றித் தண்ணீர் ஊற்றுவது அன்றைய டிரைவர்களின் வழக்கம். 1966-இல் அம்பலமுகலில் கொச்சி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கி பெட்ரோல் உள்ளூரிலேயே கிடைத்த பிறகும் இந்த ஈரத்துணி மறையவில்லை.

போட்டிகளுக்காக எஞ்சினை மேம்படுத்தும் கலை தென்னிந்தியாவில் வளர்ந்த இடம் சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தை அடுத்த சோழவரம். அங்கே போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்ததை, 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயத்தடமாக்கிக்கொண்டது. பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் நிலையான தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு வடிவமைத்த ஃபார்முலா மாருதி கார்கள் குறைந்த செலவில் பந்தயம் பழகப் பல இளைஞர்களுக்கு வழிதிறந்தன. 1995-இல் அவர் வானூர்தி விபத்தில் மறைந்த பிறகு, செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. இந்தப் பந்தயங்களுக்கு வண்டி தயாரித்த பட்டறைகளில் கார்ப்பரேட்டரின் ஜெட்டை மாற்றி, மிதவையின் மட்டத்தைத் திருத்தி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கலவை மெலிந்ததா செறிந்ததா என்று சொல்லும் திறமை வளர்ந்தது. கலவை மெலிதல் என்பது காற்றின் அளவுக்குப் பெட்ரோல் போதாமை. செறிதல் அதன் எதிர். மெலிந்தால் பிளக் வெளுத்துவிடும், செறிந்தால் கரி பிடிக்கும்.

1990-களின் பிற்பகுதியிலிருந்து இந்தியக் கார்களில் கார்ப்பரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் பீய்ச்சுமுறை வந்தது. பம்பு தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருந்து பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. பார் என்பது வளிமண்டல அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமமான அளவு. கார்ப்பரேட்டர் வண்டியில் இது அரை பாருக்கும் குறைவே. உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளுவதால் குழாயில் அழுத்தம் உயர்ந்து பெட்ரோலின் கொதிநிலையும் உயர, வேப்பர் லாக் பெரும்பாலும் ஒழிந்தது. அழுத்தச் சீராக்கி எனப்படும் ரெகுலேட்டர், எஞ்சினின் உறிஞ்சல் மாறும்போதெல்லாம் அழுத்தத்தையும் அதற்கேற்ப மாற்றி, பீய்ச்சுதுளையின் இருபுறமுள்ள வேறுபாட்டை நிலையாக வைத்தது. மலைச்சாலையின் பழைய பிரச்சினை ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது என்று சொல்லத்தக்க நிலை அது. நைட்ரஸ் கார் ரசிகர்களின் கைக்கு வந்ததும் அப்பிரச்சினை மீண்டும் உயிர்பெற்றது.

அமெரிக்கப் பந்தயங்களில் அந்த வாயு மறைவாக நெடுங்காலம் புழங்கியது. 1976-இல் டேட்டோனா 500 போட்டியின் தகுதிச்சுற்றில் ஏ. ஜே. ஃபாய்ட், டேரல் வால்ட்ரிப் ஆகியோரின் நேரங்கள் நைட்ரஸ் காரணமாக ரத்துசெய்யப்பட்டன. 1978-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நைட்ரஸ் ஆக்சைடு சிஸ்டம்ஸ் நிறுவனம் அதைப் பெட்டியில் அடைத்த விற்பனைப் பொருளாக்கியது. 2001-இல் வந்த தி ஃபாஸ்ட் அண்ட் த ஃப்யூரியஸ் திரைப்படமும் கணினி விளையாட்டுகளும் கொச்சியிலும் சென்னையிலும் உள்ள இளைஞர்களிடம் நாஸ் என்ற சொல்லைச் சேர்த்தன. படத்தில் பொத்தானை அழுத்தியதும் கார் பாய்கிறது. அந்த நொடியில் பெட்ரோல் குழாயில் நடப்பதைத் திரைக்கதைகள் காட்டியதில்லை.

நைட்ரஸ் அமைப்புகளில் இரண்டு முறைகள் உண்டு. உலர்முறையில் வாயு மட்டும் தனியாகச் செலுத்தப்படுகிறது. அதற்கான கூடுதல் பெட்ரோலை வண்டியின் பீய்ச்சுதுளைகளே தரவேண்டும் என்பதால், தொடக்கக் கால அமைப்புகள் சில நைட்ரஸின் அழுத்தத்தையே ரெகுலேட்டரின்மேல் செலுத்தி எரிபொருள் அழுத்தத்தை உயர்த்தின. ஈரமுறையில் வாயுவுக்கு ஒன்றும் பெட்ரோலுக்கு ஒன்றுமாக இரண்டு சாலினாய்டுகள், அதாவது மின்விசையால் திறக்கும் வால்வுகள், ஒரே நேரத்தில் திறந்து இரண்டையும் இரு ஜெட்கள் வழியாகக் கலந்து அனுப்புகின்றன. எம்முறையானாலும் கணக்கு ஒன்றே. சாதாரணக் காற்றில் 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரஸில் எரிய ஏறத்தாழ 9.6 கிலோ வாயுவே போதும். நடைமுறையில் பாதுகாப்புக்காக இதைவிடச் செறிவான கலவையே வைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 85 குதிரைத்திறனுள்ள மாருதி எஸ்டீம் போன்ற ஒரு காருக்கு 75 குதிரைத்திறன் கூட்டும் அமைப்பைப் பொருத்தினால், முழு வேகத்தில் அதுவரை மணிக்குச் சுமார் 26 லிட்டர் கேட்ட எஞ்சின் மேலும் 23 லிட்டர் கேட்கும். அதே பம்பு, அதே வடிகட்டி, அதே மெல்லிய குழாய் ஆகியவற்றின்மேல் பளு ஏறத்தாழ இருமடங்காகிறது.

இங்கேதான் ஏற்றத்தின் குறை பேருருவெடுக்கிறது. சாலினாய்டு திறந்த கணத்தில் பெட்ரோல் இரு வழியாகப் பாய, குழாயின் அழுத்தம் சரிகிறது. வாயு மட்டும் தன் அழுத்தக் கலத்திலிருந்து 50, 60 பார் அழுத்தத்தில் தடையின்றி வந்துகொண்டிருக்கிறது. பெட்ரோல் குறைந்து ஆக்சிஜன் மிகுந்த கலவை, அளவுமீறிய வெப்பத்துடன் எரிந்து, பொறிக்கு முன்பே வெடித்து, பிஸ்டனின் விளிம்பை உருக்குகிறது, அல்லது வளையங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய வரம்பை உடைக்கிறது. ஆகவே இத்துறையின் முதல் விதி, அழுத்தத்தை நின்ற நிலையில் அளக்காமல் ஓட்ட நிலையில் அளக்கவேண்டும் என்பது: ஜெட்டைத் திறந்து பெட்ரோல் ஒரு கலத்தில் பாயும்போது மானி காட்டும் எண்ணே உண்மையானது, அடைத்துநிற்கும்போது காட்டுவது ஆறுதலுக்கானது. இரண்டாவது, நைட்ரஸ் பக்கத்துக்குத் தனிப் பம்பும் தனி ரெகுலேட்டரும் வைப்பது. மூன்றாவது, பம்புக்குச் செல்லும் மின்கம்பி. முழு வேகத்தில் விசிறியும் விளக்கும் சேர்ந்து இழுக்க மின்னழுத்தம் 13.8-இலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கினாலே பம்பின் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், பேட்டரியிலிருந்து நேரே தடித்த கம்பியும் ரிலேயும் வைக்கப்படுகின்றன.

இவை அனைத்தும் தவறினாலும் எஞ்சினைக் காப்பது எரிபொருள் அழுத்தப் பாதுகாப்புச் சுவிட்ச். குழாயில் பொருத்திய ஒரு சிறு சவ்வும் வில்லும் கொண்ட இக்கருவி, அழுத்தம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் நைட்ரஸ் சாலினாய்டின் மின்சுற்றை அறுக்கிறது. கார்ப்பரேட்டர் வண்டியில் அது 0.3 பார் அளவிலும், 3 பார் அமைப்பில் 2.4 பார் அளவிலும் அமைக்கப்படுவது உண்டு. ஆக்சிலரேட்டர் முழுதாக அழுத்தப்பட்டால் மட்டும் மின்சுற்றை மூடும் சுவிட்சும், எஞ்சின் வேகம் குறித்த வரம்புகளுக்குள் இருந்தால் மட்டும் அனுமதிக்கும் கட்டுப்பாடும் இதற்குத் துணை. மெர்லினின் தடுப்பு தவறான அளவைத் தடுத்தது. இந்தச் சுவிட்ச் தவறான வேளையைத் தடுக்கிறது. விலையில் முழு அமைப்பின் மிகச் சிறு பகுதியே ஆயினும், விற்பனைப் பெட்டிகளில் இது நெடுங்காலம் கூடுதல் விருப்பப்பொருளாகவே வைக்கப்பட்டிருந்தது, இத்தொழில் தன் தவறுகளிலிருந்து எவ்வளவு மெல்லக் கற்றது என்பதைக் காட்டுகிறது.

நைட்ரஸுக்குக் கேரளத்தின் வெயில் தனிச் சிக்கலைத் தருகிறது. இந்த வாயு கலத்துக்குள் தன் சொந்த ஆவியழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. 0 பாகை செல்சியஸில் சுமார் 31 பாரும், 30 பாகையில் சுமார் 63 பாரும் அதன் அழுத்தம். குளிர்நாட்டு அமைப்பாளர்கள் கலத்தைச் சூடாக்கியே 62 முதல் 69 பார்வரை கொண்டுவருகின்றனர். ஆலுவாவில் 32 பாகையுள்ள சாதாரண மதியம் இதை எவ்விதச் சூடாக்கியும் இன்றிச் செய்துவிடுகிறது. ஆனால் 36.4 பாகை இந்த வாயுவின் மாறுநிலை வெப்பம். அதற்கு மேல் எத்தனை அழுத்தினாலும் திரவம் என்ற நிலையே இராது. மே மாதச் சென்னையில் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிக்குள் இந்த எல்லை எளிதில் கடக்கப்படும். அதன் அருகே திரவத்தின் அடர்த்தி வேகமாகக் குறைவதால், அழுத்தம் கூடினாலும் ஜெட் வழியே செல்லும் எடை அதற்கேற்ப உயர்வதில்லை. ஓட்டம் கணிக்க முடியாததாகிறது. எனவே வெப்பநாட்டில், பெட்ரோலின் அழுத்தம் எவ்வளவு நிலையாக இருந்தாலும், வாயுப் பக்கத்தின் அழுத்தமும் வெப்பமும் அளக்கப்படாவிட்டால் கலவையின் விகிதம் காக்கப்படாது. கலத்தை விளிம்புவரை நிரப்பிச் சூட்டில் வைத்தால் அழுத்தம் செங்குத்தாக ஏறி, பாதுகாப்புத் தகடு உடைந்து வாயு முழுவதும் வெளியேறும் என்பதும் இதனுடன் சேர்த்துக் கருதவேண்டியது.

அண்மையில் எரிபொருளே மாறியுள்ளது. இந்தியப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். ஆகவே அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் செலுத்தவேண்டும். 20 விழுக்காட்டுக் கலவைக்கு இந்த வேறுபாடு எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு. தூய பெட்ரோலுக்கு அளந்த ஜெட்டும் அழுத்தமும் இன்று அப்படியே விடப்பட்டால், அந்த அமைப்பு தொடக்கத்திலேயே மெலிந்த கலவையில் நிற்கிறது. பழைய அமைப்பு நூல்களின் எண்களைப் பின்பற்றுவோர் இதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

சாலையைப் பொறுத்தவரை சட்டத்தின் நிலை ஐயத்துக்கு இடமற்றது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் தந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தி, கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தை ரத்துசெய்தது. அழுத்தக் கலங்களுக்கு 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகள் பொருந்தும். எனவே ஆலுவாவிலிருந்து மூணாற்றுக்கோ கோயம்புத்தூருக்கோ செல்லும் பொதுச்சாலையில் நைட்ரஸ் பொருத்திய காருக்கு இடமில்லை. மூடிய தடத்தில் அதைப் பொருத்த எண்ணுவோர், முதல் ஓட்டத்துக்கு முன்பே பெட்ரோல் பாயும் நிலையில் அழுத்தத்தை அளந்து எழுதிவைத்து, பாதுகாப்புச் சுவிட்ச் குறித்த அளவில் வாயுவை அறுக்கிறதா என்பதைச் சாலினாய்டை இணைக்காமலே சோதித்துப் பார்த்துவிடவேண்டும்.